புதுப்பிப்பு: திரை முன் முகம் எரிகிறதா? முதலில் ஏசியைப் பாருங்கள்

முந்தைய இழையில் கன்னம் சிவந்து எரிவதற்குத் கணினித் திரையின் வெளிச்சமே காரணம் என்று எழுதியிருந்தோம். அது தவறு, திருத்துகிறோம்.

1980களில் நார்வே, சுவீடன் அலுவலகங்களில் இந்தப் புகார் எழுந்தபோது இருந்தவை பழைய குழாய்த் திரைகள். கண்ணாடியில் விரல் வைத்தால் நிலைமின்சாரம் சடசடக்கும். தூசி அதிலும் அப்பும், முகத்திலும் படியும். இன்றைய தட்டையான எல்சிடி திரைகளில் இது மிகக் குறைவு.

இன்று வறண்ட ஏசி காற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேசையில் ஈரப்பதமானி வையுங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் வறளும். காற்று முகத்தில் நேராக அடிக்காதபடி ஏசி துடுப்பைத் திருப்புங்கள். முகம் கழுவியதும், ஈரம் காயுமுன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள்.

ஸ்டீராய்டு கிரீமை நீங்களாக வாங்கிப் பூசவே வேண்டாம். நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். மூக்கோரம் செதில் உதிர்ந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.