ஆறு நிமிடம் நீந்தும் சுண்டெலிக்கும் என் அம்மாவின் டிப்ரஷனுக்கும் என்ன சம்பந்தம்?

வல்லாரை23:
எம்.ஃபார்ம் படிக்கிறேன். வல்லாரைச் சாறு டிப்ரஷனைக் குறைக்குமா என்று சுண்டெலியில் பார்ப்பதுதான் பிராஜெக்ட். போன வாரம் சீனியர் அக்கா நீச்சல் சோதனையைச் செய்து காட்டினார். கண்ணாடி உருளை நிறையத் தண்ணீர், அதில் எலியை விட்டு ஆறு நிமிடம் வீடியோ, கடைசி நான்கு நிமிடத்தில் எத்தனை விநாடி அசையாமல் மிதக்கிறது என்று கணக்கு. முதலில் சுவரைப் பிறாண்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்தியது, அப்புறம் மூக்கு மட்டும் வெளியே தெரிய, ஒரு பின்னங்காலை லேசாக உதைத்தபடி நின்றுவிட்டது. எலி நம்பிக்கை இழந்துவிட்டதாம்.

என் அம்மா டிப்ரஷனில் இருந்தவர். மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஒருநாள் காலையில் யாரும் சொல்லாமலே எழுந்து வாசல் தெளித்தார். எலியோ அந்த மாதிரி மருந்தின் ஒரே டோஸில், ஒரு மணி நேரத்துக்குள் கூடுதலாக நீந்துகிறது. இரண்டையும் ஒன்று என்று எப்படி எழுதுவது?

லேப்வாசி:
எழுதாதீர்கள். இமிப்ரமின் என்ற மருந்து டிப்ரஷனுக்கு உதவும் என்பதை 1950-களில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் நோயாளிகளிடம்தான் கண்டார், எலியிடம் இல்லை. போர்சோல்ட் என்ற ஆய்வாளரின் இந்த நீச்சல் சோதனை வந்தது 1977-ல். அதாவது, வேலை செய்யும் என்று முன்பே தெரிந்த மருந்துகளை அடையாளம் காட்டுகிறதா என்று பார்த்துத்தான் இந்தச் சோதனையையே ஏற்றுக்கொண்டார்கள், அதனால் பழைய மருந்தைப் போன்ற இன்னொன்றை இது கண்டுபிடித்துத் தரும், நோயைப் பற்றி எதுவும் சொல்லாது. அசையாமல் மிதப்பது பலத்தைச் சேமிக்கும் புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம். காஃபின் கொடுத்தாலும் எலி அதிகம் நீந்தும். அதனால் திறந்த பெட்டியில் விட்டு வெறும் நடமாட்டம் கூடுகிறதா என்றும் கட்டாயம் பாருங்கள், அது இல்லாத தீசிஸை நான் நம்பமாட்டேன்.

தூங்காநகரம்:
லேப்வாசி சொல்வது சரி, ஆனால் அதை வைத்து விலங்கு ஆய்வே வீண் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எனக்கு நார்கோலெப்சி, அதாவது பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய், இருக்கிறது, அதனால் இது எனக்குச் சொந்த விஷயம். ஸ்டான்ஃபோர்டில் இதே நோயுள்ள டோபர்மேன் நாய்களை வளர்த்தார்கள். பிடித்த தீனியைக் கண்டதும் சந்தோஷத்தில் கால் துவண்டு அப்படியே சரிந்துவிடும். நான் வாய்விட்டுச் சிரித்தால் எனக்கும் முழங்கால் அப்படித்தான் போகும். 1999-ல் அந்த நாய்களுக்கு ஒரெக்சின் என்ற, விழித்திருக்க உதவும் மூளை ரசாயனத்தைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியின் மரபணு பழுது என்று தெரிந்தது. அதே ஆண்டு டெக்சாஸில் ஒரெக்சின் இல்லாத சுண்டெலிகளிலும் இதே நோய் தெரிந்தது. அடுத்த ஆண்டு, இறந்த நோயாளிகளின் மூளையைப் பார்த்தால் ஒரெக்சின் சுரக்கும் செல்கள் பெரும்பாலும் காணோம். நாய்க்கு ஏற்பியில் கோளாறு, எங்களுக்குச் செல்லே அழிந்துவிட்டது. பழுது வேறு வேறு இடத்தில், ஆனால் பாதை ஒன்று. அந்த நாய்கள் இல்லாமல் அந்தப் பாதை இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கனிமொழி_பயோ:
அங்கே அறிகுறியைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மரபணு தெரிந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு ஃப்ரஜைல் எக்ஸ் என்ற, ஒரு மரபணு முடங்குவதால் வரும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருக்கிறது. அதே மரபணுவை முடக்கிய சுண்டெலி 1994-லேயே வந்துவிட்டது, குளூட்டமேட் என்ற மூளை ரசாயனத்துக்கான ஏற்பி ஒன்றை அடக்கினால் அதற்குப் பல கோளாறுகள் சரியாயின, ஆனால் அந்த வகை மருந்தான மேவோகுளூரன்ட் மனிதர்களிடம் பலன் காட்டாததால் 2014-ல் கைவிடப்பட்டது. எத்தனை பெற்றோர் காத்திருந்திருப்பார்கள்.

வல்லாரை23:
மூவருக்கும் நன்றி. கைடிடம் பேசினேன். தலைப்பில் 'டிப்ரஷனைக் குணப்படுத்தும்' என்பதை எடுத்துவிட்டு 'அசையாதிருக்கும் நேரத்தில் வல்லாரையின் விளைவு' என்று போட ஒப்புக்கொண்டார். லேப்வாசி, திறந்த பெட்டிச் சோதனையை நீச்சலுக்கு முந்தைய நாள் வைக்கலாமா, இல்லை, தனியாக வேறு எலிகள் எடுக்க வேண்டுமா? எலிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் நெறிமுறைக் குழுவிடம் மறுபடியும் அனுமதி வாங்க வேண்டும், அதனால் கேட்கிறேன்.