குழந்தைக் கட்டில் கடை: ரேட் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள், ஒற்றை நட்சத்திர விமர்சனம் வேறு. வழி சொல்லுங்கள்

ஈரோடு_கடை:

வணக்கம். ஈரோட்டில் குழந்தைகளுக்கான மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன். கம்பி வைத்த குழந்தைக் கட்டில், மரத் தொட்டில், படிப்பு மேஜை, அடுக்குக் கட்டில், சின்ன அலமாரி, இவ்வளவுதான் சரக்கு. நேரில் வந்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வாங்கிவிடுகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. சிக்கல் எல்லாம் போனில்தான்.

இன்ஸ்டாகிராமில் கர்ப்பிணிப் பெண்களுக்குப் போகிற மாதிரி விளம்பரம் போடுகிறோம். "பாப்பா வருவதற்குள் அறையைத் தயார் செய்யுங்கள்" என்று நல்ல படம், நல்ல வெளிச்சம். லைக் வருகிறது, "ரேட்?" என்று மெசேஜ் வருகிறது, "உங்கள் நம்பர் அனுப்புங்க மேடம், கூப்பிடுகிறோம்" என்று பதில் போட்டால் அதோடு சரி, ஆளைக் காணோம்.

இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. கூகுளில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து நீளமாக எழுதியிருக்கிறார். ஹார்டுவேர் பாக்கெட்டில் ஒரு போல்ட் குறைவாம், பக்கவாட்டுச் சட்டம் ஒரு மூலையில் பிடிமானம் இல்லாமல் ஆடுகிறதாம், கடைக்குக் கூப்பிட்டால் ஃபிட்டிங் ஆள் வருவார் வருவார் என்கிறார்களாம், வரவே இல்லையாம். கூடவே ஒரு படம். அந்த மூலையைப் பச்சை நைலான் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். பாக்கெட் தயாரிப்பாளரிடமிருந்து சீல் வைத்தே வருகிறது, நாங்கள் பிரிப்பதில்லை. ஃபிட்டிங் ஆளும் எங்கள் சம்பளத்தில் இருப்பவர் இல்லை, கூப்பிட்டால் வருகிறவர். இதை விளக்கமாக விமர்சனத்துக்குக் கீழே எழுதலாமா, இல்லை கூகுளிடம் சொல்லி எடுக்க வைக்க முடியுமா?

மூன்றாவது, தீபாவளிக்குக் கட்டில் வாங்கினால் பால் புட்டி செட் இலவசம் என்று நோட்டீஸ் அடிக்கப் போகிறோம். தெரிந்த ஒருவர் ஸ்கேன் சென்டரிலிருந்து பிரசவத் தேதியோடு நம்பர் லிஸ்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார். இரண்டுக்கும் உங்கள் கருத்து வேண்டும்.

பட்டறை_அண்ணன்:

விமர்சனம் கிடக்கட்டும் தம்பி. இப்போதே அந்த வீட்டுக்குப் போன் போட்டு, போல்ட் மாட்டும் வரை குழந்தையை அந்தக் கட்டிலில் விடாதீர்கள் என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. சட்டம் ஒரு மூலையில் விட்டுக்கொடுத்தால் அங்கே மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் சந்து விழும். குழந்தை உருண்டு போய் அந்தச் சந்தில் சிக்கினால் தலையைத் தூக்கி வெளியே வர அதற்குத் தெம்பு கிடையாது. அமெரிக்காவில் பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்குகிற கட்டில்களை 2011 ஜூன் 28 முதல் விற்கவே கூடாது என்று தடை செய்தார்கள். காரணம் இதேதான்: கொக்கியும் போல்ட்டும் தேய்வது, உடைவது, தொலைவது, அப்புறம் வீட்டுக்காரர்களே கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிச் சமாளிப்பது. உங்கள் படத்தில் இருக்கிற பச்சைக் கயிறு அதே கதைதான். அந்தக் கயிற்றின் நுனி தொங்கினால் அது கழுத்துக்கு வேறு ஆபத்து.

நாளைக் காலையில் ஆளை எதிர்பார்க்காமல் நீங்களே போல்ட்டையும் அதை முறுக்குகிற எல் கீயையும் எடுத்துக்கொண்டு போங்கள். போனால் எல்லா மூலையையும் முறுக்கிப் பாருங்கள், மெத்தை ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள், கம்பிக்குக் கம்பி 6 செ.மீ. தாண்டக் கூடாது. போல்ட் பிடிக்கிற அந்த மரையே போயிருந்தால் வேறு கட்டில் கொடுத்துவிட்டு இதை எடுத்து வந்துவிடுங்கள், மரையில் பசை ஊற்றிச் சரிக்கட்ட வேண்டாம்.

ஈரோடு_கடை:

நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் கூப்பிட்டுவிட்டேன் அண்ணா. குழந்தையின் அப்பிச்சிதான், அம்மாவைப் பெற்ற தாத்தா, எடுத்தார். முதலில் நன்றாகத் திட்டினார், அப்புறம் "சரி, வாங்க" என்றார். குழந்தை இப்போது தூளியில்தான் தூங்குகிறதாம். காலையில் போகிறேன். ஆனால் ஒரு சந்தேகம், சீல் வைத்த பாக்கெட்டில் குறைந்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?

நுகர்வோர்_பக்கம்:

சட்டப்படியும் நீங்கள் பொறுப்புதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 86ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். பாகங்களைச் சேர்த்துப் பொருளைப் பூட்டுவதிலோ சோதித்துப் பார்ப்பதிலோ விற்பவர் போதிய கவனம் எடுக்காமல், அதனால் யாருக்காவது காயம் ஏற்பட்டால் விற்றவர் இழப்பீடு கொடுக்க வேண்டி வரும். தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குகிறவருக்குச் சொல்லாமல் விட்டாலும் அதே கதி. "சீலைப் பிரிக்கவில்லை" என்பது உங்களுக்குச் சாதகமான வாதம் இல்லை, சோதித்துப் பார்க்கவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுக்கிற மாதிரி. அதனால் அந்த விளக்கத்தை விமர்சனத்துக்குக் கீழே தயவுசெய்து போடாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறதா? இருந்தால் அடுத்த பில் புத்தகத்தில் எடுத்துவிடுங்கள். பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுக்க மறுப்பது அதே சட்டத்தில் முறையற்ற வணிகம். கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. வாடிக்கையாளர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் போட்டால் போதும், உங்களுக்குத்தான் அலைச்சல்.

ரெண்டு_பிள்ளை_அம்மா:

விளம்பரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் வாங்குகிற பக்கத்தில் இருந்தவள். நம் ஊரில் எத்தனை வீட்டில் குழந்தை பிறக்கும் முன்பே தொட்டில் வாங்கி வைப்பார்கள்? என் மாமியார் ஒரு ஜோடி சாக்ஸ்கூட வாங்க விடவில்லை. பிறந்து நல்லபடியாக வீட்டுக்கு வரட்டும் என்பார்கள். கர்ப்பமாக இருக்கும்போது நானும் இப்படிப்பட்ட படங்களை ஆசையாகப் பார்த்து லைக் போட்டிருக்கிறேன், ரேட் கேட்டிருக்கிறேன், வாங்கும் எண்ணமே கிடையாது. "அறையைத் தயார் செய்யுங்கள்" என்கிறீர்கள், குழந்தைக்கென்று தனி அறை எந்த வீட்டில் இருக்கிறது? அது வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்து எழுதின வாசகம்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பிரசவம் அம்மா வீட்டில். பெயர் வைத்துத் தொட்டில் போடுகிற நாள் நெருங்கியதும்தான் எல்லோரும் கடைக்கு ஓடினார்கள். வாங்கினது என் அப்பாவும் தம்பியும், தாய்மாமன் சீர் என்று. எனக்கு எழுந்து நடக்கவே முடியவில்லை, நான் எங்கே இன்ஸ்டாகிராம் பார்க்க? மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டு விடுகிறபோது அடுத்த வாங்கல். அப்போதுதான் கட்டில், கொசுவலை, துணி வைக்க அலமாரி எல்லாம் கேட்பார்கள். உங்கள் விளம்பரம் அம்மிச்சிக்கும் அப்பிச்சிக்கும் தாய்மாமனுக்கும் பேச வேண்டும். "தொட்டில் போடுகிற நாள் குறித்தாச்சா? இரண்டு நாள் முன்பே வீட்டில் பூட்டிக் கொடுத்துவிடுவோம்" என்று சொன்னால் என் அப்பா உடனே கூப்பிட்டிருப்பார்.

அப்புறம் ரேட். கேட்டால் சொல்லிவிடுங்கள்! நம்பர் கொடு, கூப்பிடுகிறேன் என்றாலே விலையைக் கூட்டிச் சொல்லப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். எங்கள் அப்பாவுக்கு டைப் அடிக்க வராது, வாய்ஸ் மெசேஜில் விலை, மெத்தை சேர்த்தா இல்லையா, ஃபிட்டிங் கூலி உண்டா, என்றைக்கு வரும், இந்த நாலையும் தமிழில் சொல்லி அனுப்பினால் அவர் அதை வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார்.

பழைய_சேல்ஸ்:

அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பல வருஷம் பர்னிச்சர் விற்றவன், ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். படத்தில் கட்டிலைத் தனியாகக் காட்டாதீர்கள். பத்துக்குப் பத்து படுக்கையறையில் பெரியவர்கள் கட்டில், பீரோ எல்லாம் போக இது எங்கே நிற்கும், நின்றால் பீரோ கதவு திறக்குமா என்பதுதான் வாங்குகிறவர் மனதில் ஓடுகிற கேள்வி. யாராவது வாடிக்கையாளர் வீட்டில் கேட்டு, டேப் பிடித்து அளந்து, நீள அகலத்தை அடியில் சொல்லி ஒரு நிமிஷ வீடியோ எடுங்கள். அழகான ஸ்டுடியோ படத்தைவிட அது விற்கும். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்லாக் போட்டு ஒவ்வொரு பொருளுக்கும் விலை, அளவு, மரம் என்ன என்று எழுதிவையுங்கள். ரப்பர்வுட்டை ரப்பர்வுட் என்றே எழுதுங்கள், தேக்கு மாதிரி என்று இழுக்காதீர்கள்.

வார்டு_நர்ஸ்:

பால் புட்டி நோட்டீஸை அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். தாய்ப்பாலைக் காக்க 1992இலேயே சட்டம் இருக்கிறது. பால் பவுடர், பால் புட்டி, குழந்தை உணவு இவற்றுக்கு விளம்பரம் செய்வதும், விற்பனையைத் தூண்ட இலவச சாம்பிள், பரிசு கொடுப்பதும் குற்றம். கம்பெனிக்கு மட்டும் இல்லை, யார் செய்தாலும் குற்றம்தான், சிறைத் தண்டனை வரை போகும். அதற்குப் பதில் மெத்தை அளவுக்குச் சரியாக வருகிற பருத்தி விரிப்பு இரண்டு, ஈரம் இறங்காத ஷீட் ஒன்று கொடுங்கள், எல்லா அம்மாவுக்கும் தினம் வேண்டியது.

கட்டிலோடு கம்பி ஓரத்தில் கட்டுகிற பஞ்சுத் திண்டு, தலையணை, மெத்துமெத்தென்று குயில்ட் எல்லாம் செட்டாக விற்கிறீர்களா? விற்றால் நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கைக்குழந்தைக்கு அழுத்தமான சமதள மெத்தை, இறுக்கமான ஒரு விரிப்பு, மல்லாக்கப் படுக்க வைப்பது, இவ்வளவு போதும். அந்தத் திண்டு முகத்தில் அழுந்தி மூச்சு முட்டும் என்பதால் அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நடைவண்டியில் உட்கார வைத்து ஓடவிடுகிற வாக்கரைக் கனடா 2004இலேயே தடை செய்துவிட்டது. "இது வேண்டாங்க, குழந்தைக்கு ஆகாது" என்று விற்கிறவரே சொன்னால் அந்தக் கடையை அம்மாக்கள் மறக்க மாட்டார்கள். எத்தனையோ பேர் வார்டில் என்னிடம் எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்கிறார்கள்.

ஸ்கேன் சென்டர் லிஸ்ட்டைத் தொடவே தொடாதீர்கள். அந்தப் பெண்களின் ஒப்புதல் இல்லாமல் எடுத்த விவரம் அது, விற்கிறவரும் தப்பு, வாங்குகிறவரும் தப்பு. அதைவிட இன்னொன்று. அந்த லிஸ்ட்டில் இருக்கிற எல்லாக் கர்ப்பமும் குழந்தையாக வீட்டுக்கு வருவதில்லை. குழந்தையை இழந்த பெண்ணுக்குச் சரியாக அந்தத் தேதியில் "உங்கள் செல்லம் வந்தாச்சா?" என்று தொட்டில் விளம்பரம் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அப்படி மெசேஜ் வந்து அழுதவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஈரோடு_கடை:

நோட்டீஸை நிறுத்திவிட்டேன், லிஸ்ட் வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். திண்டு செட்டு ஸ்டாக்கில் இருக்கிறது, சப்ளையருக்கே திருப்பி அனுப்பப் பேசுகிறேன்.

காலையில் அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். போல்ட் மட்டும் இல்லை, போல்ட் போய்ப் பிடிக்கிற மரைக் குழலும் உள்ளே கோணலாக இறங்கியிருந்தது, எந்த போல்ட் போட்டாலும் பிடிக்காது. அண்ணன் சொன்னபடி வேறு கட்டில் இறக்கி நானே பூட்டினேன். குழந்தையின் அம்மா நாலு மூலையையும் தானே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் விரிப்பைப் போட்டார். இப்போது விமர்சனத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? ஒரு சின்னப் பரிசு கொடுத்தால்?

நுகர்வோர்_பக்கம்:

கேட்காதீர்கள், பரிசு கொடுக்கவே கொடுக்காதீர்கள். சலுகை கொடுத்து விமர்சனம் எழுத வைப்பதும் மாற்ற வைப்பதும் கூகுள் விதிப்படி கூடாது. அவர் எழுதினது உண்மை, அதனால் புகார் கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள். அவர்களாக மாற்றினால் சந்தோஷம். நீங்கள் கீழே இப்படிப் பதில் போடுங்கள்: "நீங்கள் எழுதியது சரி. போல்ட் குறைவாக வந்தது, நீங்கள் கூப்பிட்டும் நாங்கள் நேரத்துக்கு வரவில்லை. இன்று கட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டோம். இனி ஒவ்வொரு கட்டிலையும் கடையிலேயே ஒரு முறை முழுதாகப் பூட்டிப் பார்த்துப் பிரித்துத்தான் அனுப்புவோம். இதே மாடல் வாங்கியவர்கள் யாருக்காவது சட்டம் ஆடினால் உடனே கூப்பிடுங்கள்." வாங்க வருகிறவர் ஒற்றை நட்சத்திரத்தைத்தான் முதலில் திறந்து படிப்பார், அதற்குக் கீழே இது இருக்கட்டும். எழுதினதைச் செய்யவும் வேண்டும்.

பட்டறை_அண்ணன்:

மரைக் குழல் கோணல் என்றால் ஒரு கட்டிலோடு நிற்காது தம்பி, அந்த லாட்டில் துளை போட வழிகாட்டும் அச்சு (ஜிக்) தவறியிருக்கலாம். பில் புத்தகத்தை எடுத்து அந்த லாட்டில் வாங்கின எல்லோருக்கும் நீங்களே போன் போடுங்கள். அவர்கள் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம்.

அலமாரிக்கும் ஒரு வார்த்தை. 2016இல் ஐகியா அமெரிக்காவில் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. குழந்தை இழுப்பறையைப் பிடித்து ஏறும்போது அலமாரி மேலே சாய்ந்து உயிர் போனதுதான் காரணம். சுவரோடு பிடிக்கிற எல் கிளாம்பை அலமாரி விலையிலேயே சேர்த்து, ஃபிட்டிங் ஆளே துளை போட்டு மாட்டிவிட்டு வரட்டும். வாடகை வீடு, ஓனர் சுவரில் துளை போட விடமாட்டார் என்றால் உயரமான அலமாரியை விற்காதீர்கள், தாழ்வான பெட்டியைக் காட்டுங்கள்.

ஈரோடு_கடை:

பில் புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா. கோபியிலும் பெருந்துறையிலும் சிலர் இருக்கிறார்கள், ஃபிட்டிங் ஆள் அவ்வளவு தூரம் சும்மா போகமாட்டேன் என்கிறார். வாடிக்கையாளரிடம் வண்டிச் செலவு கேட்கலாமா?

பழைய_சேல்ஸ்:

கேட்காதீர்கள், அது உங்கள் செலவு. பில்லை எடுத்து வைத்து அப்புறம் தயாரிப்பாளரிடம் வசூல் செய்யுங்கள், கோணலான மரையைப் போட்டோ எடுத்து வைத்தீர்களா? ஃபிட்டிங் ஆளுக்கு இனிமேல் ஊர் வாரியாகக் கூலி பேசி முடித்துவிட்டு, அதை விலையிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். கோபிக்கு ஒரே நாளில் எல்லா வீட்டையும் சேர்த்துப் போய் வரலாம், ஆனால் இன்றைக்கே எல்லோருக்கும் போன் போட்டு, நாங்கள் வந்து பார்க்கும் வரை குழந்தையை அதில் போடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.