எண்ணெய் நிறுவனத்தைப் புறக்கணித்தால் அடி யார்மேல் விழுகிறது?

கேள்வி: செந்தூல்வாசி
வணக்கம். ஓர் எண்ணெய் நிறுவனத்தின் நிலையங்களுக்குப் போவதில்லை என்று எங்கள் அடுக்குமாடிக் குழுவில் முடிவெடுத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. நானும் எதிர்ச்சாலை நிலையத்தில்தான் எண்ணெய் போடுகிறேன். ஆனால், பழைய நிலையத்தில் இரவு வேலை பார்த்த பக்கத்து வீட்டு அக்காவின் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து மனம் உறுத்துகிறது. நாம் செய்வது சரிதானா?

பதில்: பட்டர்வொர்த் பெரியவர்
பதினொரு ஆண்டுகள் நிலையம் நடத்தியவன் நான், தம்பி. பெயர்ப்பலகைதான் நிறுவனத்துடையது, வங்கிக் கடன் எங்களுடையது. ரோன் 95 பெட்ரோல் விலையை அரசாங்கமே நிர்ணயிப்பதால் லிட்டருக்குச் சில சென் மட்டுமே எங்களுக்குக் கிடைக்கும். கடன் அட்டையில் கட்டினால் வங்கிக் கட்டணமும் அந்தச் சில்லறையிலிருந்தே போகும். காலையில் வாங்கி வைத்த நாசி லெமாக் பொட்டலங்கள் பதினொரு மணிக்கும் முகப்பில் அடுக்கியபடியே இருந்தால், அன்றைய கணக்கைப் பார்க்கவே வேண்டாம். நிறுவனமோ இங்கே விற்காத எண்ணெயை வேறொருவருக்கு மொத்தமாக விற்றுவிடும்.

பதில்: ஜெலுத்தோங் ஆசிரியை
ஐயா சொல்வதை மறுக்கவில்லை. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் 11 தொழிலாளர்கள் இறந்த எண்ணெய்க் கிணற்று விபத்துக்குப் பிறகு அமெரிக்கர்கள் அந்தக் கிணற்றைத் தோண்டிய பிபி நிறுவனத்தைப் புறக்கணித்தபோதும் இதுதான் நடந்தது. அங்குள்ள பிபி நிலையங்களில் பெரும்பாலானவை நிறுவனத்துடையவை அல்ல, உங்களைப்போன்ற தனி முதலாளிகளுடையவை. ஆயினும் 1995ஐ மறக்கக்கூடாது. வடகடலில் இருந்த பிரென்ட் ஸ்பார் என்னும் எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை அட்லாண்டிக் கடலில் மூழ்கடிக்க ஷெல் எண்ணெய் நிறுவனம் திட்டமிட்டபோது, ஜெர்மானியர்கள் அதன் நிலையங்களைப் புறக்கணித்தார்கள். ஜூன் 20 அன்று ஷெல் திட்டத்தைக் கைவிட்டது. (மிதவையில் எஞ்சியிருந்த எண்ணெயின் அளவை மிகைப்படுத்திவிட்டதாக, அந்த எதிர்ப்பை முன்னெடுத்த கிரீன்பீஸ் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு பின்னர் மன்னிப்புக் கேட்டது வேறு கதை.) அங்கேயும் நிலையக்காரர்கள் நட்டப்பட்டார்கள்தான். ஆனால் கேட்டது ஒன்றே ஒன்று, மூழ்கடிக்காதே என்பது. அதற்கு நிறுவனம் ஒரே நாளில் இணங்க முடிந்தது. உங்கள் குழு நிறுவனத்திடம் என்ன கேட்கிறது?

பதில்: பட்டர்வொர்த் பெரியவர்
டீச்சர் கேட்பது நியாயம். நிறுவனத்திற்குக் கடிதம் எழுதுவதாயிருந்தால், அந்த நிலைய முதலாளியிடமும் ஒரு கையெழுத்து கேளுங்கள். மேலிடத்தில் முறையிட அவருக்கும் காரணம் இருக்கிறது.

பதில்: செந்தூல்வாசி
இருவருக்கும் நன்றி. குழுவில் வந்த செய்தியை இப்போது மீண்டும் படித்தேன். "அங்கே போகாதீர்கள்" என்பதைத் தவிர அதில் ஒரு கோரிக்கையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.