ஐந்து மாதப் பிள்ளைக்குக் கரப்பன்: நான் சாப்பிட்ட இறாலா காரணம்?

மானிப்பாய்த் தாய்:
பிள்ளைக்கு ஐந்து மாதம். தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறாள். இரண்டு கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து, சொறிந்து சொறிந்து நீர் கசிகிறது. போன கிழமை பாசையூர் இறால் வாங்கிப் பிரட்டிச் சாப்பிட்டேன். மாமி அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இறால், நண்டு, கணவாய், முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார். என் அண்ணாவோ, "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அலர்ஜியே வராது, இது வேறு ஏதோ" என்கிறார். யார் சொல்வது சரி?

கொக்குவிலான்:
அண்ணா பக்கம்தான் நான். தாய்ப்பால் வெறும் சாப்பாடு இல்லை. வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்குத் தொப்புள்கொடி வழியாகப் போவது ஐ.ஜி.ஜி. என்ற பிறபொருளெதிரி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம். பாலில் வருவது பெரும்பாலும் ஐ.ஜி.ஏ. அது இரத்தத்துக்குள் போகாமல், குடலின் உட்சுவரில் பூச்சு மாதிரிப் படிந்து கிருமியை ஒட்டவிடாமல் தடுக்கும். சீம்பாலில் இது மிக அதிகம். முதல் நாள் வரும் அந்த மஞ்சள் பாலைப் பீச்சி ஊற்றிவிடும் வழக்கம் முன்பு சில வீடுகளில் இருந்தது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

இன்னொரு விஷயம். உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கிருமி இருக்கிறது என்று வையுங்கள். அது உங்கள் குடலுக்கு வந்ததும் அங்குள்ள நிர்ப்பீடனக் கலங்கள் (நோய் எதிர்ப்புச் செல்கள்) அதை அடையாளம் கண்டு, இரத்தத்தோடு மார்புக்குப் போய், அதே கிருமிக்கான ஐ.ஜி.ஏ.யைப் பாலில் விடும். மானிப்பாய்க் கிருமிக்கு மானிப்பாய் மருந்து. எந்தப் பால்மாப் பேணியில் இது கிடைக்கும்?

கச்சான்காரன்:
கொக்குவிலான், நீங்கள் சொன்னதெல்லாம் கிருமியைப் பற்றி. தங்கச்சி கேட்டது அலர்ஜியைப் பற்றி. வயிற்றோட்டத்தைத் தாய்ப்பால் குறைக்கும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. பெலாரஸில் 1996, 97 இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது, 17,046 தாய்-பிள்ளைச் சோடிகள். ஒரு பகுதி ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பாலூட்ட விசேட ஊக்கம் கொடுத்தார்கள், மற்றவற்றில் வழக்கம்போல் விட்டார்கள். முதல் வருடத்தில் வயிற்றுத் தொற்று 13.2 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. கரப்பனும் 6.3 இலிருந்து 3.3. ஆனால் அதே பிள்ளைகளை ஆறரை வயதில் பார்த்தபோது முட்டிலும் (ஆஸ்துமா) அலர்ஜியிலும் குறைவு தெரியவில்லை. "அலர்ஜியே வராது" என்று அண்ணா எதை வைத்துச் சொல்கிறார்?

கொக்குவிலான்:
அந்த ஆய்வில் எல்லாத் தாய்மாரும் பாலூட்டத் தொடங்கியவர்கள்தான். கூடக் காலம் கொடுத்தவர்களையும் குறையக் கொடுத்தவர்களையும்தான் ஒப்பிட்டார்கள். தாய்ப்பாலே குடிக்காத பிள்ளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. முதல் வருடக் கரப்பன் பாதியானதை நீங்களே எழுதிவிட்டு அப்புறம் ஏன் மறைக்கிறீர்கள்?

அதோடு, பாலில் பிள்ளைக்கே செரிக்காத ஒருவகைச் சீனி இருக்கிறது. ஒலிகோசக்கரைட்டு என்பார்கள். இலக்டோசு, கொழுப்புக்கு அடுத்ததாகப் பாலில் அதிகம் உள்ள திண்மப் பொருள் அதுதான். தாய் ஏன் பிள்ளைக்குச் செரிக்காததைச் செய்து கொடுக்க வேண்டும்? குடலில் இருக்கிற பிஃபிடோபக்டீரியா என்ற நல்ல கிருமிக்குச் சாப்பாடு அது. சில கெட்ட கிருமிகள் குடல் சுவரென்று நினைத்து இந்தச் சீனியில் ஒட்டிக்கொண்டு மலத்தோடு போய்விடும். தாய் சாப்பிட்ட உணவின் புரதமும் துளித்துளியாகப் பாலில் வந்து பிள்ளையின் உடலைப் பழக்குகிறது.

கச்சான்காரன்:
மறைக்கவில்லை அண்ணா, எண்ணோடு எழுதினேன். அந்தப் "பழக்கம்" எலிகளில் நன்றாகக் காட்டப்பட்டது, மனிதரில் அவ்வளவு தெளிவில்லை. இன்னொன்று: கரப்பன் வந்த பிள்ளைக்குத் தாய் பயந்துபோய் இன்னும் கூடக் காலம் பால் கொடுப்பார். அப்போது வெறும் கணக்கெடுப்பில் தாய்ப்பால்தான் கரப்பனைக் கூட்டியது மாதிரியும் தெரியும். இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

சுன்னாகம் அம்மம்மா:
பிள்ளைகள், பெலாரஸ் இருக்கட்டும். நான் நாலு பெற்றேன். சரக்குக்கறியும் பால்சுறாப் புட்டும் முருங்கையிலையும் உள்ளியும்தான் சாப்பாடு. இறால் தொடவில்லை. ஒன்றுக்கும் கரப்பன் இல்லை.

மிட்வைஃப் (ஓய்வு):
அம்மா, நீங்கள் தொடாமல் விட்டதால் வரவில்லையா, வராமல்தான் இருந்திருக்குமா என்று நாலு பிள்ளையை வைத்துச் சொல்ல ஏலாது. அலர்ஜியைத் தடுக்கவென்று தாய் பத்தியம் இருப்பதால் பயன் இல்லை என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. அபூர்வமாக, பசுப்பால் புரதம் தாய் வழியாகப் போய்ப் பிள்ளையின் மலத்தில் இரத்தம் வருவதுண்டு. அதற்கும் வைத்தியர் சொல்லித்தான் எதையும் நிறுத்த வேண்டும். முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் விட்டு மெலிந்துபோய்க் கிளினிக்குக்கு வந்த தாய்மாரை எத்தனை பேர் பார்த்திருப்பேன்.

அப்புறம் கரப்பனுக்குப் பயந்து பால்மாவுக்கு மாறிவிடாதீர்கள். பால்மாவைத் தண்ணீரில்தானே கரைக்க வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் கிணறும் மலக்குழியும் பக்கத்துப் பக்கத்தில். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும் தண்ணீருக்குள் இறங்குகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது.

கச்சான்காரன்:
அக்கா சொன்னதோடு என் பெயருக்குரிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 2000 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், ஆபத்துக் கூடிய பிள்ளைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரை, கச்சானை (நிலக்கடலையை) மூன்று வயது வரை தள்ளிப்போடச் சொன்னது. 2008 இல் அந்த அறிவுரையைக் கைவிட்டார்கள். 2015 இல் இங்கிலாந்து ஆய்வு வந்தது: கடும் கரப்பனோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 பிள்ளைகள், 4 முதல் 11 மாதம். தோல் பரிசோதனையில் கச்சானுக்கு எதிர்வினை காட்டாதவர்களில், கச்சானே தொடாத பிள்ளைகளில் 13.7 சதவீதத்துக்கு ஐந்து வயதில் கச்சான் அலர்ஜி. சாப்பிட்டு வந்தவர்களில் 1.9. வெடித்த தோல் வழியாக உணவு உள்ளே போனால் உடல் அதை எதிரியாகப் பார்க்கும், வாய் வழியாகப் போனால் பழகும் என்பது இதற்குச் சொல்லும் விளக்கம்.

கொக்குவிலான்:
அதற்குத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறீர்களா?

கச்சான்காரன்:
எங்கே சொன்னேன்? பால் அதன் பாட்டுக்குப் போகட்டும், இரண்டு வயதுக்கும் மேலே போகட்டும். அலர்ஜியைத் தடுக்கும் வேலையை அதன் தலையில் மட்டும் கட்டாதீர்கள் என்கிறேன்.

மிட்வைஃப் (ஓய்வு):
தங்கச்சி, நீர் கசிகிறது என்றால் தொற்றும் இருக்கலாம், இந்தக் கிழமையே காட்டுங்கள். கரப்பன் கடுமை என்றால் கச்சான், முட்டை எப்போது தொடங்குவது என்று அங்கேயே கேளுங்கள். முழுக் கச்சான் கூடாது, புரைக்கேறும். அரைத்துக் களியாக்கி, ஆறு மாதக் கஞ்சியில் நுனிக்கரண்டி. வெடித்த தோலில் நல்லெண்ணெய் பூச வேண்டாம்.

சுன்னாகம் அம்மம்மா:
நல்லெண்ணெயும் கூடாதா? சரி.

மானிப்பாய்த் தாய்:
காட்டினேன். களிம்பு தந்திருக்கிறார்கள், பாலை நிறுத்தத் தேவையில்லையாம், இறாலும் சாப்பிடலாமாம். எல்லாவற்றையும் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். இறாலுக்குச் சம்மதம். கத்தரிக்காய்க்கு மட்டும் இன்னும் இல்லை.