லாங் ஐலண்ட் ஐஸ்டு டீயில் டீ கிடையாது, தம்பி

போன வாரம் இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார்: "சிங்கப்பூர் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் கூட்டத்தோடு பாருக்குப் போனேன். மெனுவில் 'ஐஸ்டு டீ' என்று இருந்தது, இரண்டு டம்ளர் குடித்தேன். அப்புறம் எம்.ஆர்.டி. நிலையம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை." அதற்குக் கீழே எல்லோரும் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பதில் யாரும் சொல்லவில்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்பது வருடமாக இதைக் கலக்கிக் கொடுப்பவன் நான். அதனால் சொல்கிறேன்.

காலையில் காப்பிக்கடையில் 'தே ஓ பெங்' கேட்டால் வருவது பாலில்லாத ஐஸ் டீ. ராத்திரி பாரில் வரும் இது, நிறத்தில் மட்டும்தான் டீ. வோட்கா, ஜின், வெள்ளை ரம், டெக்கீலா, ஆரஞ்சு வாசனை வரும் டிரிபிள் செக், ஐந்தும் தலைக்கு 15 மில்லி. எலுமிச்சைச் சாறு 30, சீனிப்பாகு 20, மேலே கோலா. பன்னாட்டு பார்டெண்டர் சங்கம் வைத்திருக்கும் அளவு இது. சரக்கு மட்டும் 75 மில்லி, அதாவது நம்ம ஊர்க் கணக்கில் இரண்டரை சின்ன பெக். தம்பி குடித்தது இரண்டு டம்ளர். ஐந்து பெக்கை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சியிருக்கிறார், வேறென்ன ஆகும்?

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சில பார்களில் ஐந்தையும் 30 மில்லி ஊற்றுவார்கள். மொத்தம் 150. ஒரு குவார்ட்டருக்கு 30தான் குறைவு. அதனால் பார்டெண்டர் ஜிக்கரில், அதாவது சின்ன அளவுக் கோப்பையில் அளக்கிறாரா, பாட்டிலைக் கவிழ்த்துக் கைக்கணக்கில் ஊற்றுகிறாரா என்று ஒரு பார்வை பாருங்கள். கைக்கணக்கு என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயரே ஏமாற்றுத்தான். 1972-இல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், ஓக் பீச் இன் என்ற இடத்தில் தான் உருவாக்கியதாக ராபர்ட் பட் என்ற பார்டெண்டர் சொல்லிவந்தார். டென்னசியிலும் லாங் ஐலண்ட் என்று ஓர் இடம் உண்டு, அங்கே 1920-களிலேயே இருந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எலுமிச்சையும் சீனியும் கோலாவும் சேர்ந்து சரக்கின் காரத்தை மூடிவிடும். வாய்க்குத் தெரியாது, காலுக்குத்தான் முதலில் தெரியும்.

மெனுவில் நிறம் மாறி வருவதெல்லாம் இதன் தம்பி தங்கைகள்தான். கோலாவுக்குப் பதில் கிரான்பெர்ரி சாறு ஊற்றினால் லாங் பீச். டிரிபிள் செக்கை எடுத்துவிட்டு மிடோரி என்ற பச்சை நிற மெலன் மது, கோலா இடத்தில் எலுமிச்சை சோடா என்றால் டோக்கியோ. மிடோரியில் போதை குறைவு என்பதால் அது ஒரு பொட்டு லேசு. நீலமாக ஒன்று வரும், புளூ குரசாவ் என்ற நீல நிற ஆரஞ்சு மது போட்டது. அதன் முழுப்பெயரில் கெட்ட வார்த்தை இருப்பதால் மெனுவில் 'ஏ.எம்.எஃப்.' என்று சுருக்கிப் போடுவார்கள். நீலமாக அழகாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், சரக்குக் கணக்கு அதேதான். டெக்சாஸ் என்று போட்டிருந்தால் ஐந்தோடு விஸ்கியும் ஏறியிருக்கும். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

நானாகச் செய்து பார்த்ததில் பிடித்தது ஒன்று உண்டு. எலுமிச்சைக்குப் பதில் காலமன்சி என்ற குட்டி எலுமிச்சை, கோலாவில் பாதியைக் குறைத்து, ஆறவைத்த 'தே ஓ கோசோங்'. அதாவது சீனியில்லாத கறுப்பு டீ. பெயருக்கு ஏற்ற மாதிரி டீயும் சேர்ந்தது. துவர்ப்பு இருப்பதால் யாரும் மடமடவென்று குடிக்க மாட்டார்கள், அதுவே அதில் எனக்குப் பிடித்தது.

பார் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் இதையும் படிப்பார்கள் என்பதால் ஒன்று: ஷேக்கரில் கோலாவை ஊற்றாதீர்கள். சரக்கு, சாறு, பாகு, ஐஸ் மட்டும் போட்டுக் குலுக்கி, புது ஐஸ் போட்ட டம்ளரில் வடித்த பிறகுதான் கோலா, அதுவும் டீ நிறம் வரும் அளவுக்கு. என் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் குலுக்கினேன். மூடி பறந்தது, பக்கத்தில் நின்ற மேனேஜரின் வெள்ளைச் சட்டை டீ நிறமானது. அன்று ராத்திரி முழுக்க டம்ளர் கழுவினேன்.

வேறு கம்பெனியின் வேலை அனுமதி பாஸில் (work pass) வந்தவர்கள் சனி, ஞாயிறு பாரில் கைச்செலவுக்கு வேலை பார்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது. பாஸில் எந்த முதலாளி பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வேலை.

விலையைப் பார்த்து மிரளவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம். 20 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 விழுக்காடு ஜி.எஸ்.டி. பில்லில் 23.98 வரும். சரக்கு ஏன் இந்த விலை என்றால், சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 40 விழுக்காடு உள்ள 700 மில்லி பாட்டிலில் தீர்வை மட்டுமே 24.64.

பாட்டில் வாங்கி வெளியே உட்கார்ந்து குடிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். ராத்திரி 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடையிலும் வாங்கிப் போக முடியாது. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், இன்னும் கறார்: சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை தெருவில் குடிக்கவே கூடாது. 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015-இல் வந்த சட்டம்.

கடைசியாக, குடிக்க விருப்பமில்லாதவர்களுக்கு. கூட்டத்தில் "ஏன் குடிக்கலை?" என்று நச்சரிப்பார்கள். பார்டெண்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்: உயரமான டம்ளர், ஐஸ், கோலாவோடு கொஞ்சம் சோடா, எலுமிச்சைத் துண்டு, ஸ்ட்ரா. பார்க்க அச்சு அசல் லாங் ஐலண்ட்தான். எங்கள் பாருக்கு மாதம் இரண்டு முறை வரும் மதுரைக்கார அண்ணன் ஒருவர் ஆர்டரே சொல்ல மாட்டார். மற்றவர்கள் மெனு பார்க்கும்போது என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். நான் அவருக்கு இதை வைத்துவிடுவேன்.