"ஆரோக்கியமான பர்கர்" என்ற பலகையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கல்லணைக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு தங்கியிருக்கும் அப்பாவையும் அம்மாவையும், சென்ற சனிக்கிழமை இங்கே மெல்பர்னில், உடலுக்கு நல்ல பர்கர் என்று விளம்பரப்படுத்திக்கொள்ளும் ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன். பல கிளைகள் உள்ள நிறுவனம். பெயர் இங்கே தேவையில்லை. மரப்பெஞ்சு, கரும்பலகை எழுத்து, புல் மேய்ந்த மாடு, கூண்டில் அடைக்காத கோழி என்று இப்போது பல கடைகள் ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன.

அப்பாவுக்கு 68 வயது. பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அவருக்குக் கிரில் செய்த கோழி பர்கரும், அம்மாவுக்குக் காய்கறி பேட்டி (patty, பன்னுக்குள் வைக்கும் வட்டமான துண்டு) வைத்த பர்கரும் வாங்கினேன். முதல் கடியிலேயே பன்னுக்குள்ளிருந்து ஒரு பீட்ரூட் வட்டம் நழுவித் தட்டில் விழ, அப்பா அதைத் தூக்கிப் பார்த்து, "இதைப் பொரியல் பண்ணத் தெரியாமல் உள்ளே வைத்துவிட்டார்களா?" என்று கேட்டார். சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வெளியே வரும்போது விலைப்பலகையை மீண்டும் பார்த்தேன். உணவின் ஆற்றலை அளக்கும் கிலோஜூல் கணக்கில், அப்பா சாப்பிட்ட பர்கர் 2,700, சிப்ஸ் 1,900, அவர் குடித்த 375 மி.லி. குளிர்பானம் 675. ஒரு நாளைக்குச் சராசரியாக 8,700 போதும் என்று அதே பலகையின் அடியில் எழுதியிருந்தது. ஒரே வேளையில் ஐந்தில் மூன்று பங்கு முடிந்துவிட்டது. சாதாரணத் துரித உணவுக் கடையைவிட இது அவருக்கு நல்லதுதானா, இல்லை நாம் கொடுக்கும் கூடுதல் விலை மன நிம்மதிக்கு மட்டும்தானா?

யாழினி (சிட்னி) எழுதியது:

வணக்கம். நான் உணவியல் படித்து, அதே துறையில் வேலை செய்கிறேன். உங்கள் தந்தையாரின் விஷயத்தில் கிலோஜூலைவிட முதலில் பார்க்க வேண்டியது உப்பு. அதைத்தான் பலகை சொல்வதில்லை. பெரிய உணவு நிறுவனங்கள் பலகையில் ஆற்றல் அளவைப் போட வேண்டும் என்ற விதி நியூ சவுத் வேல்ஸில் 2011 ஆம் ஆண்டிலும், உங்கள் விக்டோரியாவில் 2018 மே மாதத்திலும் வந்தது. உப்பில் இருக்கும் சோடியத்தின் அளவைப் போட வேண்டும் என்று அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் தம் இணையதளத்தில் ஊட்டச்சத்து அட்டவணையைத் தனியாக வைத்திருக்கும். அடுத்த முறை போகுமுன் அதைத் திறந்து பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு, என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒரு பர்கரில் மட்டுமே 1,000 மில்லிகிராம் இருப்பது அரிதான செய்தி அல்ல. இறைச்சியை எவ்வளவு சுத்தமாக வாங்கினாலும் பன், சீஸ், ஊறுகாய் வெள்ளரி, சாஸ் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கு உப்பைக் கொண்டுவருகிறது. அப்பளத்தையும் ஊறுகாயையும் தட்டிலிருந்து ஒதுக்கிவிட்டவர்கள் பன்னில் உப்பு இருக்கும் என்று நினைப்பதே இல்லை. 100 கிராம் ரொட்டியில் 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருப்பது இங்கே வழக்கம்.

புல் மேய்ந்த மாட்டிறைச்சியில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மீனோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம், இதயத்துக்கு ஆகாத நிறைவுற்ற கொழுப்பும் அதில் இருக்கவே செய்கிறது. கூண்டில் அடைக்காத கோழி என்பது கோழிக்குச் செய்த நன்மை. உங்கள் தந்தையாரின் இரத்த அழுத்தத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை. இன்னொன்று, அந்த 8,700 சராசரி மனிதருக்கான கணக்கு. வீட்டோடு இருக்கும், உடல்வாகு சிறிய ஒரு முதியவருக்கு அதைவிடக் குறைவாகவே தேவைப்படும்.

பழைய கிரில்காரன் எழுதியது:

மாணவனாக இருந்தபோது இதே வகைக் கடை ஒன்றின் அடுப்படியில் இரண்டு ஆண்டுகள் நின்றிருக்கிறேன். பொருள்கள் நல்லவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இலைக்கீரை அன்றன்று வரும், கோழியை நாங்களே வெட்டுவோம். ஆனால் பேட்டிக்கு அளவு உண்டு, சாஸுக்குக் கை தான் அளவு. பன்னின் இரண்டு பக்கத்திலும் ஒரு சுற்று மயோனைஸ் விடுவோம். கூட்டம் அதிகமான வெள்ளிக்கிழமை இரவில் அந்தச் சுற்று இன்னும் பெரிதாகிவிடும். மயோனைஸில் முக்கால் பங்கு எண்ணெய். ஒரு கிராம் கொழுப்புக்கு 37 கிலோஜூல் என்று வைத்தால், 20 கிராம் சாஸிலேயே 550 வந்துவிடும். சிப்ஸுக்கு உப்பும் எண்ணெயிலிருந்து எடுத்த அந்தச் சூட்டிலேயே தூவுவோம், அப்போதுதான் ஒட்டும். ஆகவே உப்பில்லாத சிப்ஸ் வேண்டுமென்றால் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு உதறிப் பயனில்லை.

சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்டால் எந்தச் சமையல்காரரும் முகம் சுளிக்கமாட்டார். சர்க்கரைவள்ளி சிப்ஸ் என்ற பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், அதுவும் அதே எண்ணெயில்தான் பொரிகிறது.

அம்மாவின் காய்கறி பேட்டி எந்த வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடலையும் பருப்பும் காய்கறியும் சேர்த்துத் தட்டியது ஒரு வகை. இறைச்சிபோலவே இருக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் சேர்த்து ஆலையில் செய்து வருவது இன்னொரு வகை. இரண்டும் ஒன்றல்ல.

வெண்பலகை எழுதியது:

இந்த வாக்குறுதி ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. உங்கள் மெல்பர்னின் ஹாதார்ன் பகுதியில், ஆரோக்கியமான பர்கர் என்று சொல்லி விற்கும் கிரில்ட் (Grill'd) நிறுவனம் தொடங்கியதே 2004 ஆம் ஆண்டு. "ஆரோக்கியம்" என்ற சொல் நம் கணக்கை எப்படிக் குழப்புகிறது என்பதை நுகர்வோர் நடத்தையை ஆராய்ந்த பியர் ஷாந்தோன், பிரையன் வான்சிங்க் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு பேசியது: நல்ல உணவு என்று பெயரெடுத்த கடையில் மக்கள் கலோரியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள், அந்தத் தைரியத்தில் பானமும் பக்கவுணவும் கூடுதலாக வாங்குகிறார்கள். வான்சிங்கின் வேறு பல கட்டுரைகள் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன என்பதால் நான் இதைச் சற்று ஒதுக்கியே வைத்திருந்தேன். ஆனால் உங்கள் பில்லைப் பாருங்கள், பர்கருக்கு இணையாகச் சிப்ஸும் குளிர்பானமும் 2,575 கிலோஜூல் சேர்த்திருக்கின்றன.

கல்லணைக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இணையதளத்தில் அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். அப்பாவின் பர்கரில் சோடியம் 1,120 மில்லிகிராம், சிப்ஸின் உப்பு அதற்கு மேல் தனி. நேற்று மாலை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, அடுத்த முறை சிப்ஸ் வேண்டாம், தண்ணீர் போதும், சாஸைத் தனியாகத் தரச் சொல் என்றார். பீட்ரூட் மட்டும் இரண்டு வட்டம் வைக்கச் சொல்ல வேண்டுமாம்.