14 வயசு வேகப்பந்து வீச்சாளருக்கு ஓவர் கணக்கு தேவையா?

லீக்_அப்பா:
பையனுக்கு 14 வயசு, வலது கை வேகம். பள்ளி அணி, அகாடமி, ஞாயிறு லீக்னு மூணு இடத்துல போடுறான். கீழ்முதுகுல இடது பக்கம் வலி. "தசைப்பிடிப்புதான், போடப் போட சரியாயிடும்"னாங்க அகாடமியில. எம்ஆர்ஐ எடுத்தா எலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப சுமை ஏறி வர்ற விரிசல். குறைஞ்சது மூணு மாசம் பந்து போடக் கூடாதாம். இங்கிலாந்துல 14, 15 வயசுக்காரங்க ஒரு ஸ்பெல்லுக்கு (ஓய்வில்லாம தொடர்ந்து போடுற தவணை) 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர்தான். அவன் ஆடுற லீக்ல அப்படி எதுவுமே இல்ல.

மெரினா_கோச்:
பையன் சீக்கிரம் தேறட்டும். ஆனா வேகப்பந்து வீச்சாளன் பந்து போட்டுத்தான் உருவாகணும். இந்திய அணி வரைக்கும் போன நடராஜனுக்கு அவர் ஊரு சின்னப்பம்பட்டியில யாரு ஓவர் எண்ணினா?

ஆஃப்கட்டர்:
அவர் தோல் பந்துக்கு வந்ததே இருபது வயசு வாக்குல சார். நல்ல உதாரணம் புடிச்சீங்க :)

மெரினா_கோச்:
டென்னிஸ் பந்துன்னாலும் ஓடி வந்து குதிச்சுத்தானே போட்டார்?

பிசியோ_மதுரை:
சரிதான். முதுகுக்கு எந்தப் பந்துன்னு தெரியாது. ஆனா அதே மாதிரி போட்டு, வலி வந்து, விட்டுட்டுப் போன பசங்க பேரு நமக்குத் தெரியாதே. ஜெயிச்ச ஒருத்தரை வச்சு எப்படி முடிவு பண்றது?

முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப் போல பல மடங்கு விசை ஏறும். அதே நொடியில முதுகு பின்னால வளைஞ்சு, பக்கவாட்டுல சாய்ஞ்சு, முறுக்கிக்கவும் செய்யுது. வலது கைக்காரனுக்கு அந்தச் சுமை பெரும்பாலும் இடப்பக்கம் விழும். இடுப்பு முள்ளெலும்பு முழுசா கெட்டிப்பட இருபது வயசு தாண்டணும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 2011-ல 18 வயசுல முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் 2017-ல, ராஞ்சியில. நடுவுல திரும்பத் திரும்ப முதுகுக் காயம்தான்.

மெரினா_கோச்:
அப்புறம் கேப்டனாவும் ஆனாரே! என் வாதமே வேற. மாசம் முழுக்கக் கம்மியா போட வச்சுட்டு, டோர்னமென்ட்ல திடீர்னு நாலு நாள் தொடர்ந்து போடச் சொன்னாலும் உடையும். உங்க 12 ஓவர் விதி அதைத் தடுக்குமா?

பிசியோ_மதுரை:
தடுக்காது. திடீர் ஏற்றம் ஆபத்துன்றதுல உங்க பக்கம்தான் நான். அதனாலதான் எண்ணணும்கிறேன், அதுவும் நெட்ஸ்ல (வலைப் பயிற்சியில) போடுறதையும் சேர்த்து. மேட்ச்ல ஆறு ஓவர் போட்ட பையனை மறுநாள் பெரியவங்க பேட்டிங் பழக ஒன்றரை மணி நேரம் போட விட்டா, அது எந்த ஸ்கோர்புக்ல ஏறும்?

ஷட்டில்_அம்மா:
பேட்மின்டன்லயும் இதே கதைதான். என் பொண்ணுக்கு முழங்காலுக்குக் கீழ எலும்பு புடைச்சு வலி. வளர்ற வயசுல வர்றதாம். ஜம்ப் பயிற்சியைக் குறைச்சதும் அடங்கிடுச்சு.

மெரினா_கோச்:
நான் செவ்வாய்க்கிழமை ஓய்வு குடுத்தா, புதன்கிழமை பள்ளி பி.டி. சார் இறக்கிடுவார். ஞாயித்துக்கிழமை உட்கார வச்சா, "ஃபீஸ் கட்டறது பெஞ்சுல உட்காரவா?"ன்னு அப்பாக்கள்கிட்டருந்து போன் வரும். நான் மட்டும் எண்ணி என்ன ஆகப்போகுது?

லீக்_அப்பா:
எண்ணுறதை நாங்க வீட்டுல செய்றோம் சார். ஒரே நோட்டு, மூணு இடத்துக் கணக்கும் அதுல. வாரா வாரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவீங்களா?

மெரினா_கோச்:
போடலாம். மாநில அணித் தேர்வுக்கு முந்தின வாரம் அதே நோட்டைக் காட்டி "இன்னிக்கு வேண்டாம்"னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

லீக்_அப்பா:
தேர்வு தேதியை ரெண்டு மாசம் முன்னாடி சொல்லுங்க, படிப்படியா ஏத்திட்டு வரலாம். எங்களுக்கு வாட்ஸ்அப்ல சேதி வர்றதே முந்தின வாரம்தானே?